ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்

அண்ணன் கப்பல் வேலைக்குப் போவதற்கு முன் பதினொரு மாதம் வீட்டில் இருந்தான். மாலுமிப் படிப்பை முடித்துவிட்டு, ஏஜென்டிடமிருந்து இன்று போன் வரும் நாளை போன் வரும் என்று காத்திருந்த காலம். நைனா கூப்பிட்டால் படகில் போவான். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால், வலை காயப்போடும் இடத்தில் கிடந்த கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பதினொரு மாதத்தில்தான் நாங்கள் இருவரும் அந்த அட்டை விளையாட்டைக் கற்றுக்கொண்டோம்.

படித்த இடத்தில் விடுதிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து அவன் போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கும் சரியாகத் தெரியாது. ராஜா ராணி போட்ட சீட்டு இல்லை அது, காசு வைத்து ஆடுவதும் இல்லை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம் இருக்கும்: ஒரு வீரன், ஒரு மிருகம், ஒரு புயல், ஒரு மந்திரம். நூற்றுக்கணக்கான அட்டைகளிலிருந்து முப்பதை நாமே பொறுக்கி ஒரு கட்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை டெக் என்பார்கள். மாறி மாறி அட்டை இறக்கி, எதிராளியின் உயிரை முதலில் தீர்ப்பவருக்கு வெற்றி. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆடிப் பார்த்தால் தெரியும், கையில் இருக்கும் ஓர் அட்டையை இப்போது இறக்குவதா, இன்னும் இரண்டு முறை பொறுப்பதா என்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும்.

அவன் கட்டிலில், நான் பின்வாசல் படியில். இருவருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. ஆனால் ஆட்டம் எங்கள் ஏரித் தீவிலிருந்து கிளம்பி எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து அந்தப் பத்தடியைக் கடக்கும். நான் அட்டை இறக்கி மூன்று விநாடி கழித்து அவன் கட்டிலில் திட்டுவான். அந்த மூன்று விநாடிக்காகவே நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தபால் வழியில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, பழவேற்காடு ஊருக்குள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். காலையில் படகில் ஊருக்குப் போவேன், மாலை ஆறரைக்குக் கடைசிப் படகில் குப்பத்துக்குத் திரும்புவேன். வந்ததும் முகம்கூடக் கழுவாமல் படியில் உட்கார்ந்துவிடுவேன். "இன்னாடி, வந்ததும் வராததுமா," என்று அம்மா சத்தம் போடுவாள். "ஒரே ஆட்டம்மா," என்று அண்ணன்தான் பதில் சொல்வான்.

பிறகு ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. நான்கே நாளில் அவன் போய்விட்டான். கப்பலுக்கென்று புதுப் போன் வாங்கிக்கொண்டதால், திரை விரிசல் விட்ட பழைய போனை எனக்கு விட்டுவிட்டுப் போனான். பஸ் ஏறும்போது, "எங்க கெடச்சாலும் நெட்ட போட்டு ஆட்றேன் பாப்பா. தெனம் ஒரு ஆட்டம்," என்றான்.

கடலில் நெட் கிடைக்கவில்லை. கப்பலில் கொடுக்கும் கொஞ்சத்தில் எப்போதாவது வாட்ஸப்பில் இரண்டு வரி அனுப்பலாம், விளையாட்டு திறக்காது. விளையாட்டில் நண்பர்கள் பட்டியல் என்று ஒன்று உண்டு. என் பட்டியலில் இருந்தது ஒரே பெயர். ஆள் உள்ளே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில், கடைசியாக வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும். ஒன்பது நாள். இருபத்துமூன்று நாள். நாற்பது நாள். ஏரியில் தண்ணீர் ஏறுவதைக் கம்பத்தில் பார்ப்பதுபோல் தினமும் அந்த எண் ஏறுவதைப் பார்த்தேன்.

முகம் தெரியாதவர்களோடு ஆடினேன். விளையாட்டே யாரையாவது எதிரில் கொண்டுவந்து உட்கார வைக்கும். அவர்களிடம் பேச முடியாது. வணக்கம், நன்றி, மன்னிக்கவும், நன்றாக ஆடினீர்கள் என்று ஆறு வாசகங்கள் உண்டு, அவற்றில் ஒன்றைத் தொட்டால் எதிராளிக்குப் போகும். ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்தவுடன் சிலர் 'மன்னிக்கவும்' என்பதைத் திரும்பத் திரும்பத் தொடுவார்கள், கிண்டலுக்கு. ஆட்டம் முடிந்ததும் அந்த ஆள் மறைந்துவிடுவார். மறுபடி அவரை எங்கும் பார்க்க முடியாது. ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் இப்படி வந்து போனார்கள். அவர்களில் ஒருவரையாவது இரண்டாம் முறை சந்திக்க வேண்டும் என்றுதான் டோர்னமென்ட் பக்கம் போனேன். ஜெயிக்கும் ஆசை அப்போது இல்லை.

இந்தியாவில் ஆடுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் இரண்டு மணிக்கு டோர்னமென்ட், யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது. பரிசு என்று பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிரீடம், ஒரு வாரத்துக்கு. விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. ஆளுக்கு மூன்று டெக் கொண்டுவர வேண்டும். அதில் ஒன்றை எதிராளி ஒதுக்கிவிடுவார். மிச்சம் இரண்டிலும் ஒவ்வொரு வெற்றி எடுத்தால்தான் அந்தச் சுற்று நமக்கு. ஒரே டெக்கை மட்டும் நன்றாக ஆடத் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடமில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெயர் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னால் இன்னொரு பக்கத்துக்குப் போய், வந்துவிட்டேன் என்று செக்-இன் செய்ய வேண்டுமாம். நான் இரண்டு மணிவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். இரண்டேகாலுக்குப் பட்டியலைப் பார்த்தபோது என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறு செக்-இன் செய்தேன். ஆனால் அனுப்பிய டெக் பட்டியலில் ஓர் அட்டையை இரண்டுக்குப் பதில் மூன்று முறை எழுதியிருந்தேன். ஆடுவதற்கு முன்பே ஒரு தோல்வி கொடுத்தார்கள். பிறகு ஆடியும் தோற்றேன். மூன்றாவது ஞாயிறு ஐந்து சுற்றில் ஒன்று ஜெயித்தேன். கடைசியாக என்னைத் தோற்கடித்தவர் இரண்டே எழுத்து அனுப்பிவிட்டுப் போனார், நல்ல ஆட்டம் என்பதன் சுருக்கம். அவரிடம் நான் எங்கே தவறு செய்தேன் என்று கேட்கலாம் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் ஆள் இல்லை.

பயிற்சிக்கு யாரும் இல்லை. குழுவில் ஆறு ஏழு பேர் ஒருவருக்கொருவர் நெருக்கம், அவர்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். 'யாராவது என்னோடு ஆட வருகிறீர்களா' என்று நான் எழுதியது அவர்களுடைய சிரிப்புப் படங்களுக்கு அடியில் மேலே மேலே போய் மறைந்தது. அப்போதுதான் அண்ணனுடைய பழைய போனை எடுத்தேன். அதில் அவன் கணக்கு திறந்தபடியே இருந்தது. என் போனில் ஒரு டெக், அவன் போனில் ஒரு டெக். முதலில் இந்தக் கையில் ஓர் அட்டை இறக்குவேன். பிறகு இந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் போனை எடுப்பேன். கவிழ்த்த போனில் என்ன அட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியாததுபோல் ஆட வேண்டும். அதுதான் கஷ்டம். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. ஒரு கையை மறந்துவிட்டு இன்னொரு கையாக மாற ஐந்து விநாடி போதும்.

முதல்முறை அப்படி ஆடிய அன்று, பட்டியலில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. நான்தான் எரிய வைத்தேன் என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியபோது நெட் கிடைத்து, விளையாட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். உடனே மெசேஜ் வந்தது.

"எம்பேர்ல நானூறு ஆட்டம் ஆடிக்கீது. யாரு?"

"நான்தான்."

"ஜெயிச்சது நீயா நானா?"

"ரெண்டு பேரும்."

சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினான். ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது போலும். அந்தக் கேள்வி ஒற்றை டிக்கோடு பதினெட்டு நாள் கிடந்தது.

அம்மாவுக்கு இது சீட்டாட்டம்தான். பக்கத்துக் குப்பத்தில் ஒருவன் போனில் ரம்மி ஆடி, படகு என்ஜினை விற்கும்வரை போயிருந்தான். அதன் பிறகு போனில் அட்டைப் படம் தெரிந்தாலே அம்மா கிட்டே வந்து எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் குந்தினாள்.

"எந்தலமேல கைய வச்சி சொல்லு. துட்டு வச்சி ஆட்றியா?"

"இல்லம்மா. இதுல துட்டே கெடையாது."

"துட்டு இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு ஆட்ற?"

தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்குக் குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நைனா எதுவும் கேட்கவில்லை. எந்தக் குடும்பம் எந்த நாள் ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் ஊரில் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள், பாடு என்று பெயர். "அதே மாதிரிதான் நைனா, எந்த அட்ட வரும்னு தெரியாது, வந்தத வச்சி ஆடணும்," என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வலையில் சிக்கியிருந்த நண்டின் காலை எடுத்துக்கொண்டிருந்தார்.

குப்பத்தில் சிக்னல் நிலையில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போய்விடும். இரண்டு டோர்னமென்டில் பாதியில் அறுந்து தோற்ற பிறகு, கடை முதலாளியிடம் கேட்டேன். அவர் அறுபது வயதுக்காரர், நான் பாய் என்று கூப்பிடுவேன். முன்னோர் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம் என்பார்கள். இப்போது ஜெராக்ஸ் மிஷின் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று. ஞாயிறு மத்தியானம் கடை மூடியிருக்கும்.

"பாய், ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு மேல உள்ள குந்திக்கலாமா? நெட்டு வேணும்."

"பரீச்சையாம்மா?"

"இல்ல பாய். கேம்."

 சாவி வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார். "ஷட்டர பாதி எறக்கி வச்சிக்க. ஃபேன நிறுத்திட்டு போ," என்றார்.

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பறவை பார்க்க வரும் சென்னைக்காரர்களின் ஷூக்கள், மீன் கூடைக்காரம்மாவின் வெறுங்கால், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களின் செருப்பு. உள்ளே டோனர் வாசனையும் நானும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பதினைந்து, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். ஆடும் நேரத்தில் தனிமை தெரியாது. காத்திருக்கும் அந்த நேரம்தான். குழுவில் மற்றவர்கள், இப்படித் தோற்றேன் அப்படி ஜெயித்தேன் என்று எழுதித் தள்ளுவார்கள். நான் படித்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஆனால் ஆட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஏழாவதோ எட்டாவதோ டோர்னமென்டில் ஐந்து சுற்றில் நான்கு ஜெயித்து, முதல் எட்டுப் பேரில் ஒருத்தியாக வந்தேன். அங்கிருந்து தோற்றால் வெளியே. காலிறுதி தொடங்கும்போது மணி ஆறு இருபது. ஆறரைக்குக் கடைசிப் படகு. எதிராளியிடம் பத்து நிமிடம் பொறுக்க முடியுமா என்று எழுதினேன். விதி ஐந்து நிமிடம்தான் என்றார். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, போனில் ஆடிக்கொண்டே படகுத்துறைக்கு ஓடினேன். முதல் ஆட்டத்தைப் படகில் உட்கார்ந்து ஜெயித்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மண்ணெண்ணெய் கேனை மடியில் வைத்துக்கொண்டு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் என் கையில் சரியான அட்டைகள் இருந்தன. இன்னும் இரண்டு முறை இறக்கினால் முடிந்துவிடும். ஏரியின் நடுவில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரை வந்து சேர்ந்து சிக்னல் திரும்பியபோது அந்த ஆட்டமும் அடுத்ததும் அவருக்குப் போய்விட்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன், அழுகை வந்து சாப்பிட முடியவில்லை. "இன்னாச்சி," என்றாள் அம்மா. "பாதில அறுந்து போச்சிம்மா, ஜெயிக்க வேண்டியது," என்றேன். "துட்டு இல்லாத ஆட்டத்துக்கு இவ்ளோ அழுகையா," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு மீன் துண்டை என் தட்டில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஐந்து மணி வாக்கில் ஷட்டருக்கு அடியில் நைனாவின் கால்கள் வந்து நின்றன. குனிந்து எட்டிப் பார்த்தார்.

"கடேசி படகுக்கு ஓடாத. நான் நம்ம படக எடுத்தாந்துக்கீறேன். துறையில குந்திக்கீறேன், முடிச்சிட்டு வா."

அவ்வளவுதான் சொன்னார். அன்று இறுதிவரை போனேன். இறுதிச் சுற்றில் தோற்றேன், நியாயமாகவே தோற்றேன். மூன்றாவது ஆட்டத்தில் ஓர் அட்டையை ஒரு முறை முன்னதாக இறக்கிவிட்டேன், அதுதான் காரணம். துறைக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. நைனா படகு விளிம்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சியா?"

"ரெண்டாவது வந்தேன் நைனா."

"எத்தினி பேர்ல?"

"அறுபத்திநாலு."

"பரவால்லியே," என்று சொல்லி என்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச வழியில்லை. படகில் போகும்போதே முடிவுப் பட்டியலைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக். குழுவில் ஜெயித்தவரை எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வந்த பெயரின் கீழ் யாரோ ஒருவர் 'இவன் யார்?' என்று கேட்டிருந்தார். இவள் என்று திருத்த வேண்டும்போல் இருந்தது. திருத்தவில்லை.

அண்ணன் எட்டாவது மாதம் வந்தான். பெரிய பூநாரைகள் ஏரியில் இறங்கியிருந்த சமயம். கறுத்து, இளைத்து, பேச்சு குறைந்து வந்தான். வந்த இரண்டு நாளும் தூங்கினான். மூன்றாவது நாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "வா பாப்பா, ஆடலாம்," என்றான். நான் படியில் உட்கார்ந்தேன். எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முதல் ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் ஜெயித்தேன். சிரித்தான். இரண்டாவதையும் ஜெயித்தேன். சிரிக்கவில்லை. மூன்றாவது முடிந்ததும், "இன்னொண்ணு," என்றான். அவன் அடுத்து எதை இறக்குவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. எதிரில் இருப்பவரின் கையைக் கணக்குப் போட்டுப் போட்டு, அது என்னை அறியாமலே நடந்துகொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே மூன்று ஆட்டமாக எனக்கு வரவில்லை. நான்காவதில் பார்த்தேன். கையில் ஒரு புயல் அட்டை இருந்தது. அதை இறக்கினால் அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. இறக்காமல் வைத்துக்கொண்டேன். அவன் ஜெயித்தான்.

ஆட்டம் முடிந்த பிறகு அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பேர் கையும் தெரியும். அவன் அதைத் திறப்பான் என்று நான் நினைக்கவில்லை.

"இந்த அட்ட உன் கைல இருந்துக்கீது. ஏன் எறக்கல?"

"கவனிக்கல அண்ணா."

"நீயா? நீ கவனிக்கல?"

அவன் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினான். பக்கம் பக்கமாக டெக் எழுதி வைத்திருந்தான், எந்த அட்டைக்கு எது சரியாக வரும், நான் இதை இறக்கினால் அவன் எதை இறக்குவது என்றெல்லாம்.

"கப்பல்ல டூட்டி முடிஞ்சா ஒரு வேலயும் இல்ல. கேபின்ல தனியா குந்திக்கினு இதத்தான் எழுதிக்கினு இருந்தேன். வந்து உன்ன தோக்கடிக்கணும்னு."

நோட்டை வாங்கிப் படித்தேன். யோசனைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அதில் பாதி அட்டைகளை இந்த எட்டு மாதத்தில் விளையாட்டை நடத்துகிறவர்கள் பலம் குறைத்துவிட்டிருந்தார்கள். இப்போது அவற்றை யாரும் ஆடுவதில்லை. கடலில் இருந்தவனுக்கு அது தெரிய வழியில்லை. நான் அதைச் சொல்லவில்லை. "நல்லாக்கீது அண்ணா," என்று திருப்பிக் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பான். அதன் பிறகு ஆடலாம் என்று அவன் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிறு கடைக்குத் துணைக்கு வந்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் சுற்றைப் பார்த்தான். நடுவில், "அத ஏன் எறக்கல?" என்றான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதே என்று கையை மட்டும் தூக்கினேன். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் குனிந்து ஷட்டருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தான். எழுந்து போயிருக்கலாம். கெடு ஓடிக்கொண்டிருந்தது, போகவில்லை.

அன்றுதான் முதன்முதலில் டோர்னமென்ட் முழுவதையும் ஜெயித்தேன். கிரீடம் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கடையில் ஃபேன் ஓடும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்தினேன், அதுவும் இல்லாமல் போனது.

துறையில் நைனாவுக்குப் பதில் அண்ணன் படகோடு இருந்தான். "முடிஞ்சிதா," என்றான். "ம்," என்றேன். பாதி ஏரி கடந்தது. அப்புறம் அவனே வேகத்தைக் குறைத்தான்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

 அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டாவது வந்தேன்னு ஒருவாட்டி படம் அனுப்பிருந்த இல்ல. பத்து நாள் கழிச்சிதான் எனக்கு வந்துது. கப்பல்ல இருக்கற அத்தினி பேருகிட்டயும் காமிச்சேன். என் தங்கச்சின்னு. அவனுங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்பவும் காமிச்சேன்."

"பதிலே போடலியே அண்ணா."

"இன்னா எழுதறதுன்னு தெரியல பாப்பா. நீ எங்கயோ போயிக்கினு இருந்த. நான் அங்கயே இருந்தேன்."

மறுமாதம் அவன் வேறு கப்பலுக்குப் போனான். போகும்போது பழைய போனைக் கேட்டான். புதுசு கடலில் விழுந்தாலும் ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று. எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் இரண்டு பக்கமும் ஆடிப் பழகுகிறேன், அது போனால் வேறு வழியில்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் சென்னையில் நேரில் ஆடும் டோர்னமென்ட் ஒன்று வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. நான் தனியாகப் போனேன். முப்பது முப்பத்தைந்து பேர், நீள மேசைகளில் எதிரெதிராக உட்கார்ந்து, எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் என்று நான் மட்டும்தான். கழுத்தில் மாட்டியிருந்த அட்டையில் அவரவர் விளையாட்டில் வைத்திருக்கும் பெயர் எழுதியிருந்தது. அதைப் பார்த்து ஒருவர், "நீங்களா அது? நான் யாரோ பையன்னு நெனச்சேன்," என்றார். "ஆமா, நான்தான்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் போனைப் பார்க்கக் குனிந்தார்.

முதல் சுற்றில் எனக்கு எதிரில் உட்கார்ந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். ஒவ்வோர் அட்டையை இறக்கும் முன்னும் அவர் விரல் திரைக்கு மேல் நின்று நின்று இறங்கியது. இத்தனை நாள் ஆடியதில் அண்ணனைத் தவிர ஓர் எதிராளியின் விரலை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் யோசிக்கும்போது உதட்டைக் கடித்தார். தோற்பது உறுதி என்று தெரிந்ததும் போனை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பாக நடந்துவிட்டது என்று பயந்து, "ஆர் யூ ஓகே?" என்றார். தூசு என்றேன்.

ஐந்து சுற்றில் மூன்று ஜெயித்தேன். பதினோராவது இடம். மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலத்தை ஜன்னல் ஓரமாக நின்று சாப்பிட்டேன். உதட்டைக் கடித்தவர் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"பழவேற்காடு."

"அங்கதான் அந்தப் பறவயெல்லாம் வரும் இல்ல?"

"ஆமா."

"யாரோட பிராக்டிஸ் பண்றீங்க?"

சாதத்தை மென்று விழுங்கும்வரை நேரம் எடுத்துக்கொண்டேன். "யாரும் இல்ல," என்றேன். அண்ணன் முதல்முறை கப்பலேறிய பிறகு அதை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல்முறை. அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "எனக்கும் யாரும் இல்ல," என்றார். இருவரும் அடுத்த சுற்றுக்கு மணி அடிக்கும்வரை நின்று சாப்பிட்டோம். அவரிடம் நம்பர் கேட்டிருக்கலாம். கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மேசைக்குப் போய்விட்டார். சாயங்காலம் தேடினேன், கிளம்பிப் போயிருந்தார்.

செங்குன்றத்தில் பஸ் மாறி ஊருக்கு வரும்போது நன்றாக மழை பிடித்துக்கொண்டது. பொன்னேரி தாண்டியதும் பஸ்ஸில் நான்கைந்து பேர்தான் மிச்சம். முதல் சுற்று எனக்கு நினைவில் முழுக்க இருந்தது, எந்த முறை எந்த அட்டை என்று. அவர் எங்கே தவறு செய்தார் என்பதும் தெரிந்தது. விளையாட்டைத் திறந்து, மண்டபத்தில் அவர் கழுத்தில் பார்த்த பெயரைத் தேடி எடுத்து, நண்பராகச் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.